நாற்பது தப்படி வடக்கே

1

எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, நூற்றைம்பது வயதாகிறது, சரித்திரம் எழுதிக் கொடு என்றார்கள். எங்கள் அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவின் வரைபடத்தைப் பிரித்தேன். எங்கள் வடக்கு எல்லை நூல் பிடித்தாற்போல் வந்து, ஓரிடத்தில் மட்டும் நாற்பது தப்படி வடக்கே விலகுகிறது. ஏனென்று எந்த ஆவணத்திலும் இல்லை. சரித்திரம் அங்கே நின்றுவிட்டது. இந்தக் கதை அங்கே பிறந்தது.

2

“1873-இல், பரந்த புல்வெளியின் நடுவே…” (வேண்டாம். எல்லாக் கவுண்டியும் இப்படித்தான் பிறக்கிறது.)

மரமே இல்லாத நாட்டில் எல்லை மூலையை எப்படிக் குறிப்பது? குழி தோண்டி, கரிக்கட்டையைப் போட்டு, மேலே மண்ணைக் குவிப்பார்கள். கரி மக்காது, சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்க்கலாம். வசந்தத்தில் குவித்த மேடு மழையில் கரைந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் கோடு போட வந்த சர்வேயர், நாற்பது தப்படி வடக்கே இருந்த வேறொரு மேட்டில் கொடியை நட்டார். தோண்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்…

அது, அங்கே குடியேறியிருந்த ஐலிஃபும் அவன் மனைவி குன்வோரும் தங்கள் எட்டு மாதக் குழந்தையைப் புதைத்த மேடு. (குழந்தைக்கு மூன்று பெயர் வைத்து, மூன்றையும் அடித்துவிட்டேன்.)

3

அது எந்த மேடு என்று ஐலிஃப் சர்வேயரிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் தோண்டிய அவன் கிணறு, தவறிய கோட்டால் அவன் நிலத்தோடு சேர்ந்த அந்த நாற்பது தப்படிக்குள் இருந்தது. குன்வோர் இரண்டு பலகைத் துண்டை ஆணியடித்துச் சிலுவையாக்கிக்கொண்டு வந்தாள்.

“யாரோ ஒருத்தன் கொடி நடலாம். பெத்தவ சிலுவை நடக்கூடாதா?”

“சிலுவையப் பாத்தா குழந்தைய வச்ச இடம்னு தெரிஞ்சிடும், குன்வோர். கோட்ட மாத்திப் போடுவான். கிணறு அந்தப் பக்கத்தானுக்குப் போயிடும்.”

அவள் சிலுவையை அடுப்பருகே சாய்த்து வைத்தாள்.

“அப்ப அந்தத் தண்ணிய நீயே குடி.”

அன்றிலிருந்து தனக்கான தண்ணீரை ஒரு மைல் தள்ளியிருந்த ஓடையிலிருந்து சுமந்தாள். (ஒரு மாதம் என்று முதலில் எழுதினேன். அவளைப் பற்றி யோசித்தபின் இருபது வருஷம் என்று திருத்தினேன்.)

4

இதை எழுதி முடித்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். அரசு ஒருமுறை ஏற்றுக்கொண்ட மூலை, தவறாகவே இருந்தாலும், நகராது. சிலுவையை நட்டிருக்கலாம். கிணறு எங்கும் போயிருக்காது.

இதை ஐலிஃபிடம் சொல்ல, நில அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தாவைக் குதிரையில் அனுப்ப என்னால் முடியும். ஒரு வரி போதும். ஆனால் எந்த வருஷத்துக்கு அனுப்புவது? முதல் வருஷம் என்றால் கதையே இல்லை. இருபதாம் வருஷம் என்றால், தான் செய்தது என்னவென்று ஐலிஃபுக்குத் தெரிவதைத் தவிர வேறு பயனில்லை.

நீங்களே வருஷத்தைச் சொல்லுங்கள். குன்வோர் வாளியோடு ஓடையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள்.