தண்ணீர் ஊற்றியவன்

விடிவதற்கு முன்பே, வான் திருத்துகிற பஸ்ரியன் கராச்சின் பெரிய கதவோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவான். தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஜனவரிக் குளிரில் கதவின் கீழ்விளிம்பு சீமெந்துத் தரையோடு ஐஸாகி ஒட்டிக்கிடக்கும். அலவாங்குக் கம்பியால் நெம்பி, தோளைக் கொடுத்துத் தூக்கவேண்டும். வெளியே வான்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எஞ்சின் மூடியையும் உயர்த்தி, பற்றரிக்கு வயர் கொழுவி, எஞ்சின் இருமி இருமிப் பிடிக்கும்வரை நிற்கவேண்டும். கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. போடாவிட்டால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாதம் அவனுடைய விரல் நுனிகளில் தோல் என்று ஒன்று இருக்கவில்லை.

வான்கள் இராசரத்தினத்துக்குச் சொந்தம். மோர்னிங்சைட் அடுக்குமாடிகளில் இருந்து பெண்களை ஏற்றி, அஜக்ஸில் மரக்கறி பொதிசெய்யும் தொழிற்சாலையில் இறக்கி, வேலை முடியத் திருப்பிக் கொண்டுவருவது அவருடைய தொழில். வான் ஓடுகிறவர்கள் தமிழர். ஏறுகிறவர்கள் தமிழர். “எல்லாம் எங்கட ஆக்கள்தானே” என்று அவர் அடிக்கடி சொல்லுவார். யாராவது லீவு கேட்டால் அதையே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவார்.

அந்த மாதத்தில் ஒருநாள் காலை ஓட்டுநர் அகஸ்ரின் தன் வானுக்குள் ஏறியிருந்து, ஹீற்றர் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“அண்ணை, சூடு வரேல்லை.”

“ஓட ஓட வரும்,” என்றான் பஸ்ரியன்.

சொல்லிவிட்டு, உள்ளே பார்க்காமலே எஞ்சின் மூடியைச் சாத்தினான். மாரிக்குளிர் தொடங்குமுன் பல வான்களின் றேடியேற்றர்கள் ஒழுகின. குறைந்ததை நிரப்ப, குளிரில் உறையாத அன்ரிபிறீஸ் திரவம் கேட்டபோது, “இப்போதைக்குத் தண்ணி விடு, குளிர் வரமுன்னம் முழுக்க மாத்துவம்” என்றார் இராசரத்தினம். குளிர் வந்தது. பஸ்ரியன் ஒருமுறை நினைவூட்டினான். “அடுத்த கிழமை பாப்பம்” என்றார். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. கேட்டால் முகம் சுளிப்பார் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

அகஸ்ரினின் வான் புகை கக்கிக்கொண்டு தெருவில் திரும்பி மறைந்தது.

வானம் வெளுத்துக்கொண்டு வரும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வான் நின்றுவிட்டது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதை அகஸ்ரின் கண்டிருக்கிறான். ஓரத்தில் பனி மதிலாகக் குவிந்து கிடந்ததால், அடுத்த வெளிவழியில் இறங்கி எங்காவது ஒரு கோப்பிக்கடை வாசலில் நிறுத்தலாம் என்று ஓட்டியிருக்கிறான். அதற்குள் எஞ்சின் தட்டி, முனகி, பாதையின் நடுவிலேயே இறுகிவிட்டது. பாரவண்டிகள் உரசிக்கொண்டு போக, பெண்கள் இறங்கித் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். அவர்களில், மூடியைத் திறக்க அகஸ்ரினுக்கு உதவிய மங்கையற்கரசியின் கம்பளிக் கையுறைகளில் எஞ்சினில் இருந்து பீறிய தண்ணீர் ஊறியது. இழுவை வண்டி வரும்வரை அடித்த காற்றில் அந்தக் கையுறைகள் அவள் கையோடு உறைந்தன.

மறுநாள் விடியவும் மற்ற வான்களைப் பஸ்ரியன்தான் கிளப்பிவிட்டான். ஒவ்வொன்றும் வெறுமையாகத் திரும்பி வரும்வரை, செய்த வேலையை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் வந்துசேர்ந்தபோது வந்தது நிம்மதியில்லை. வெட்கம்.

இழுத்துவந்த வான் கராச்சின் மூலையில் நின்றது. உறைந்த எஞ்சினுக்கு அவசரப்பட்டு நெருப்புக் காட்டக்கூடாது. ஹீற்றரைத் தள்ளி வைத்து, ஓர் இரவு முழுக்க இளகவிட்டிருந்தான். முதலில் றேடியேற்றரின் றப்பர்க் குழாயைப் பிசைந்தான். உள்ளே இன்னும் ஐஸ் நறநறத்தது. ஓயில் அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தான். ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் திரிந்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அகஸ்ரின் வந்து ஒரு பழைய ரயரின் மேல் குந்தியிருந்தான். இரவு நித்திரை கொள்ளாத முகம்.

“நான்தானே அண்ணை ஓடினது,” என்றான். “முள்ளு ஏறினதைக் கண்டனான். அந்த இடத்திலயே நிப்பாட்டியிருக்கவேணும். அவவின்ர கையைப் பாத்தன். விரலெல்லாம் மெழுகு மாதிரிக் கிடக்கு.”

பஸ்ரியன் தலை நிமிரவில்லை. “பாத்துச் சொல்லுறன்,” என்றான்.

அகஸ்ரின் போனபிறகு அட்டையை விரித்து வானுக்குக் கீழே ஊர்ந்தான். எஞ்சினின் பக்கவாட்டில் வட்டமான சிறு தகட்டு மூடிகள் உண்டு. தண்ணீர் உறைந்து வீங்கினால் அவை வெளியே தள்ளப்படும். ரோச் வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்று புடைத்து நின்றது. மற்றது விழுந்துபோயிருந்தது. அந்த ஓட்டையின் கீழே கம்பித் தூரிகையால் இரும்புக் கறளைச் சுரண்டினான். தலைமயிர் போல ஒரு வெடிப்புக் கோடு. ஓட்டைக்குப் புதுமூடி அடித்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தான். கோடு வியர்த்தது. துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரையாய்த் திரண்டு அவன் நெற்றியில் விழுந்தன.

சூட்டில் வெடித்தால் அந்த இடத்தில் இப்படி வெடிக்காது. உள்ளே உறைந்த தண்ணீர், வார்ப்பிரும்பைப் பிளந்து வெளியே தள்ளியிருந்தது. அகஸ்ரின் சாவியைத் திருகும்போதே எஞ்சின் வெடித்துத்தான் இருந்திருக்கிறது. அது இரவில் நடந்த வேலை. அதற்கும் முதல், தன் கையால் நடந்த வேலை. அவன் கீழேயே கிடந்தான். எழும்ப மனம் வரவில்லை.

வாசலில் இராசரத்தினத்தின் சப்பாத்துகள் தெரிந்தன.

“என்ன பிடிச்சது?”

பஸ்ரியன் ஊர்ந்து வெளியே வந்தான். “எஞ்சின் புளொக் வெடிச்சிருக்கு அண்ணை. ஐஸ் வெடிப்பு. உள்ள இருந்தது முக்கால்வாசி தண்ணி.”

“சூடேறினதுதானே?”

“ஏறினதுதான். ஆனா அது பிறகு.”

“முதலோ பிறகோ, ஆர் கீழ பூந்து பாக்கப்போறாங்கள்?” இராசரத்தினம் குரலை உயர்த்தவில்லை. “அகஸ்ரினே தன்ர பிழை எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறான். நாளைக்கு விடிய றைவர்மார் எல்லாருக்கும் முன்னால நீ சொல்லு, முள்ளைப் பாக்காமல் ஓடினதாலதான் எஞ்சின் போனதெண்டு. அவனை நிப்பாட்டினால் தொழிற்சாலைக்காரனும் கேள்வி கேக்கமாட்டான்.”

“தண்ணி விடச் சொன்னது நீங்களெல்லோ அண்ணை.”

“விட்டது ஆர்?”

பஸ்ரியன் கையில் இருந்த ஓயிலைத் துணியில் துடைத்தான்.

“ஒருத்தரும் உனக்கு வேலை தராத நேரம் நான் தந்தனான். அதையும் யோசி,” என்றுவிட்டு இராசரத்தினம் போனார். அது பொய்யில்லை. அதுதான் அவனை இன்னும் நெரித்தது.

அன்று பின்னேரம் பஸ் எடுத்து மோர்னிங்சைட்டுக்குப் போனான். மங்கையற்கரசி கட்டிலில் இருந்தாள். இரண்டு கைகளிலும் கட்டு. அவளோடு ஒரே மேசையில் நின்று கரட் பொதிசெய்யும் எமில்டா பின்னால் இருந்து அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் தப்புமா என்று டொக்டர்மாரால் உடனே சொல்லமுடியாதாம்.

“அகஸ்ரின் தம்பி வந்து அழுதிட்டுப் போறார்,” என்றாள் மங்கையற்கரசி. “அவரில குறை சொல்லேலாது. அந்த வான் கன நாளாய்ச் சூடில்லாமல்தான் வந்தது. நாங்கள் போர்வை கொண்டுவந்து போத்துக்கொண்டு இருந்தனாங்கள். முறைப்பாடு சொன்னால் வேலைக்கு ஏத்தமாட்டினமோ எண்டு வாய் திறக்கேல்லை. அது எங்கட பிழை.”

எல்லாரும் பிழையைத் தங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவன் கதிரை நுனியில் இருந்து தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பிக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு எமில்டா. நல்லாக் களைச்சுப் போனார்,” என்றாள் மங்கையற்கரசி.

அவனால் அதைக் குடிக்க முடியவில்லை. விடைபெற்று வந்தபோது எமில்டா லிஃப்ற் வாசல்வரை வந்தாள்.

“ஏதோ சொல்ல வந்தனீங்கள், சொல்லாமல் போறியள்.”

“நாளைக்குச் சொல்லுறன்.”

“அவவுக்குச் சொல்லவேண்டியதை நாளைக்கு ஆருக்குச் சொல்லப்போறியள்?”

லிஃப்ற் கதவு திறந்து, மூடி, மேலே போய்விட்டது. “நாளைக்கு வான் வராது,” என்றான் பஸ்ரியன். “வரக்கூடிய ஆக்களைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில கராச்சுக்கு வாங்கோ. எல்லாருக்கும் முன்னால சொல்லாட்டி நான் திரும்பவும் சொல்லாமல் விட்டிடுவன்.”

அடுத்த நாள் விடிய அவன் ஒரு வானையும் கிளப்பவில்லை. ஓட்டுநர்கள் கைகளை ஊதிக்கொண்டு வந்து, இருட்டில் அடங்கிக் கிடந்த வான்களைப் பார்த்து நின்றார்கள். இராசரத்தினத்தின் காரும் வந்தது. அகஸ்ரின் தள்ளி, மதிலோரம் நின்றான்.

பஸ்ரியன் ஓட்டுநர்களில் மூத்தவரான அமிர்தநாதரின் வானைத் திறந்தான். அன்ரிபிறீஸின் பலத்தை அறிய ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே நிறக் குண்டுகள் கிடக்கும். கலவை சரியாக இருந்தால் அவை மிதக்கும். றேடியேற்றருக்குள் விட்டு உறிஞ்சினான். கஞ்சிபோல அரைகுறையாய் உறைந்த தண்ணீர் ஏறியது. குண்டுகள் அடியிலேயே கிடந்தன. அதை எல்லாரும் காணத் தூக்கிப் பிடித்தான்.

“அகஸ்ரினில பிழையில்லை,” என்றான். “வான் வெளிக்கிட முன்னமே எஞ்சின் ஐஸில வெடிச்சிட்டுது. அன்ரிபிறீஸ் விடவேண்டிய இடத்தில தண்ணி விட்டது நான். இராசரத்தினம் அண்ணை விடச் சொன்னவர், நான் விட்டனான். பிழையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான்.”

மூத்தவர் கிட்ட வந்து குழாயைக் குனிந்து பார்த்தார்.

“என்ர வானிலயுமோ?” என்றார் அமிர்தநாதர்.

“எல்லாத்திலயும்.”

“நேற்று விடியவும் நீதானே கிளப்பித் தந்தனி. வான் நிறையப் பொம்பிளையளை ஏத்திக்கொண்டு போனன். கைகாட்டி அனுப்பினனி.”

“ஓம்.”

அமிர்தநாதர் அவன் முகத்தைப் பார்க்கவே விரும்பாதவர்போல மறுபக்கம் திரும்பிப் பனியில் துப்பினார்.

இராசரத்தினம் முன்னே வந்தார். “சரி, சொல்லி முடிஞ்சுதோ? எனக்கும் கஷ்டம் இருக்கு. தொழிற்சாலைக்காரன் ஒருநாள் வான் வராட்டி வேற ஆளைப் பிடிப்பான். அப்ப உங்களுக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை. இண்டைக்கு ஓடுங்கோ. இந்தக் கிழமைக்குள்ள எல்லாம் மாத்தித் தாறன்.”

“இதைத்தான் அண்ணை மாரிக்குளிருக்கு முன்னமும் சொன்னனீங்கள்,” என்றான் பஸ்ரியன்.

“உன்னோட எனக்குக் கதையில்லை. நீ இனி இங்க வரத் தேவையில்லை.” அவர் மற்றவர்களிடம் திரும்பினார். “ஓடேலாதவையும் சொல்லுங்கோ. மத்தியானத்துக்கிடையில வேற ஆக்களைப் போட்டு ஓட்டுவன்.”

அமிர்தநாதர் மெல்ல நடந்து வந்தார். பொக்கற்றில் இருந்த சாவியை எடுத்து இராசரத்தினத்தின் கைக்குள் வைத்தார். “முதல்ல உங்கட பிள்ளையை ஏத்திக்கொண்டு ஒருக்கா அஜக்ஸுக்குப் போட்டு வாங்கோ,” என்றார். “பிறகு நாங்கள் ஓடுறம்.”

அடுத்தவனும் வந்து சாவியை வைத்தான். அதற்கடுத்தவனும் வைத்தான். கை நிறைந்து சாவிகள் பனியில் விழுந்தன. அவற்றை எடுக்க ஒருவரும் குனியவில்லை.

தெருமுனையில் பஸ் நின்று, எமில்டாவும் ஒரு கூட்டம் பெண்களும் இறங்கி வந்தார்கள். நடந்ததை அகஸ்ரின் சொன்னான். எமில்டா கேட்டு முடியும்வரை பஸ்ரியனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதலாளியிடம் போனாள்.

“மத்தியானம் ஆரைப் போட்டு ஓட்டினாலும் நாங்கள் ஏறமாட்டம். வானெல்லாம் சரிவரவேணும். அகஸ்ரினை நிப்பாட்டக்கூடாது. மங்கையற்கரசியின்ர இடத்தில வேற ஆளைப் போடவேண்டாம் எண்டு தொழிற்சாலையில நீங்கள் வந்து சொல்லவேணும். ஏன் அப்பிடி நடந்ததெண்டதையும் நீங்களே சொல்லவேணும்.”

“இவன் பஸ்ரியன்?”

எமில்டா யோசித்தாள். “அவர் செய்ததுக்கு எங்களிட்டப் பதில் சொல்லுவார்,” என்றாள். “நீங்கள் நிப்பாட்டத் தேவையில்லை.”

இராசரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு. “அவவின்ர கை எப்பிடி இருக்கு?”

“போய்ப் பாருங்கோ.”

அவர் கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் இணங்குவாரா, நண்பகலில் வேறு ஆட்களோடு வருவாரா, தொழிற்சாலை இவர்களுக்காகக் காத்திருக்குமா, ஒருவருக்கும் தெரியாது.

மற்றக் கட்டடங்களில் இருக்கும் பெண்களுக்கும் சொல்லவேண்டும் என்று எமில்டா புறப்பட்டாள். எல்லாரும் பஸ் தரிப்புக்கு நடந்தார்கள். அகஸ்ரின் பஸ்ரியனுக்குப் பக்கத்தில் வந்தான்.

“நேற்றுப் பகல் முழுக்க என்னை அழவிட்டனீங்கள்.”

“ஓம்.”

“ஏன்?”

“பயம்.”

அகஸ்ரின் பாதையில் கிடந்த ஐஸ்கட்டி ஒன்றைச் சப்பாத்தால் தட்டிவிட்டான். “மங்கையற்கரசி அக்காவுக்கு ஆர் சொல்லுறது?”

“நான்தான். இப்ப நேர அங்கதான் போறன்.”

“நானும் வாறன்,” என்றான் அகஸ்ரின். அவன் குரலில் கோபம் தீரவில்லை.

பஸ் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுநர்களும் அவர்கள் ஏற்றித் திரிந்த பெண்களும் ஒரே வண்டியில் பயணிகளாக ஏறினார்கள். ஜன்னல்கள் மூச்சில் மங்கின. கடைசியாக ஏறிய பஸ்ரியன் இடம் தேடாமல் வாசலோரமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரத் தனக்கு உரிமை இருப்பதாக அவனுக்குப் படவில்லை.

அமிர்தநாதர் அவனோடு பேசவில்லை. வெளியே பார்த்தபடியே, பக்கத்து இருக்கையில் கிடந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.