செடியை மறக்கும் வேலை

அந்த அச்சக அலுவலகத்தில் செடியை மறப்பதற்கென்று தனியாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அவர் பெயர் தணிகாசலம்.

வெயில் எட்டிப் பார்க்காத பின்னறையில் நின்றது அந்தப் பாம்புச் செடி. இதற்கு முன் வாங்கிய செடிகளையெல்லாம் அலுவலகத்தார் பாசத்தாலேயே கொன்றிருந்தார்கள். டிபன் பாக்ஸ் கழுவுகிறவர், பாட்டிலில் மீதி வைத்தவர், எல்லாரும் தொட்டியில்தான் ஊற்றுவார்கள். வேர் அழுகாமல் என்ன செய்யும்?

"இதுக்கு வெயிலும் வேணாம், தண்ணியும் எப்பவாச்சும் போதும். மறந்துடுங்க, அது பாட்டுக்கு வளரும்" என்றார் நர்சரிக்காரர்.

மேலாளர் பிரிசில்லா மேடம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மற்றவர்கள் யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, செடிக்கு எதிரே நாற்காலி போட்டுத் தணிகாசலத்தை உட்கார வைத்தார். குருத்து விட்டால் வேலை நிரந்தரம். இலை பழுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கண்ணெதிரே வைத்துக்கொண்டு மறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் மனுஷன் கெட்டிக்காரர். முதலில் செடியின் பெயரை மறந்தார், பிறகு பச்சை நிறத்தை. பகலெல்லாம் நன்றாகத்தான் போகும். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனைவி குமுதவல்லி, "செடி எப்படிங்க இருக்கு?" என்பாள். பாடுபட்டு மறந்ததெல்லாம் பாழ். மறுநாள் ஓர் இலை மஞ்சள் தட்டியிருக்கும்.

"கேக்காத கண்ணு" என்று கெஞ்சினார். அவளும் நிறுத்திவிட்டாள். ஆனால் கேட்காமல் அவள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே அவருக்குச் செடி ஞாபகம் வந்தது.

மேடம் இலையைத் திருப்பிப் பார்த்தார். "வீட்ல யாரையாவது மறக்காம வச்சிருக்கீங்களா?"

"ஒருத்தர்தான் மேடம்."

"அங்கதான் கெடுது."

அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதார். வேலை போனால் அவளுக்குச் சோறு போட வழியில்லை. வேலை நிலைக்க வேண்டுமென்றால் அவள் மனசில் இருக்கக்கூடாது. முதலில் அவள் குரலை விட்டார். சிரிப்பை விட மனசே வரவில்லை, அதையும் விட்டார். அவள் ஞாபகத்தோடு ஒட்டிக் கிடந்த அவருடைய சொந்தப் பெயரும் கூடவே போய்விட்டது. செடி குருத்து விட்டது. எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாததால், அவர் அலுவலகத்திலேயே தங்கிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் குமுதவல்லி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள்.

"யாரைப் பாக்கணும்மா?" என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். "தணிகாசலம்னு, இங்கதாங்க வேலை."

பாவம், இந்த வெயிலில் வந்திருக்கிறாளே என்று, அவர் அவளை மேஜை மேஜையாகக் கூட்டிப்போய் விசாரித்தார். ஞாபகப்படுத்தினால் செடிக்கு ஆகாது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

"அப்படி யாரும் இல்லையேம்மா."

"பரவால்லைங்க. சோறு ஆறிடும், நீங்க சாப்பிடுங்க."

அவர் ரசித்துச் சாப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரும்மா."

"ஆமாங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். அவரும் சலிக்காமல் கூட நடந்து தேடினார். அவளுடைய பொறுமை மேடத்துக்குப் பிடித்துப்போனது. தணிகாசலத்தைத் தேடுவதற்கென்று அவளையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் கிடைக்கும்வரைதான் வேலை என்று பேச்சு.