செவ்வாய்க்கிழமை வராத தங்கமணி

1

இந்தக் கதை ஒரு பொன்னாடைக்காகப் பிறந்தது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை (எதுவென்று தேடாதீர்கள், நான் கற்பனையில் கட்டியதுதான்) 'புற்றுநோய்ச் சேவை மேம்பாடும் செவிலியர் பங்கும்' என்று கருத்தரங்கு நடத்துகிறது. அதன் மலருக்குக் கதை கேட்டார்கள். செவிலியர் புன்னகைக்க வேண்டும், நோயாளி பிழைக்க வேண்டும், மூன்று பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் பொன்னாடை உண்டு. நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் தொடக்கம்: "வெண்ணிற உடையில் தேவதையாய் வந்தாள் ஃபிளோரா, அவள் கைபட்டதும்..."

[அடித்துவிட்டேன். நம் எழுத்தாளர்களுக்குச் செவிலியர் என்றாலே தேவதை வந்துவிடும். அதில் ஒரு வசதி. தேவதைக்குப் பசிக்காது, கால் வலிக்காது, சொந்தமாகக் கருத்தும் இருக்காது.]

2

சரி, பார்த்துவிட்டாவது எழுதுவோம் என்று கீமோ வார்டுக்குப் போனேன். அங்கே செவிலியர் ஃபிளோராவின் சீருடை வெள்ளைகூட இல்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம். பதினெட்டுப் பேருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள அவரும் இன்னொரு செவிலியரும்தான்.

"உங்கள் பணியில் மறக்க முடியாத தருணம் எது?" என்று கேட்டேன். மலருக்கு எழுதுகிறவன் வேறு என்ன கேட்பான்?

"சார், வழியில நிக்காதீங்க. அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

3

ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தங்கமணியுடையது. கீழ்வேளூர்ப் பக்கம், குத்தகை நிலம், மார்பில் கட்டி. மூன்று முறை மருந்து ஏறியாகிவிட்டது. நான்காவது முறைக்குச் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர், வியாழனாகியும் வரவில்லை.

"நடவுக்குப் போயிட்டாங்க" என்றார் ஃபிளோரா. "ரத்த அணுவெல்லாம் கொறஞ்சு கெடக்கு, சேத்துல நிக்கிறாங்க. இந்த வாரத்துக்குள்ள வந்துட்டா சமாளிச்சிரலாம். வரலேன்னா திரும்பவும் வளந்துரும்."

"இது தெரிந்துமா போனார்?"

"அவங்களுக்கு எங்க தெரியும்? நீர்க்கட்டின்னுல்ல சொல்லி வச்சிருக்காங்க."

கணவர் வீரையன் டாக்டரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம்: அவளிடம் நோயின் பேரைச் சொல்லாதீர்கள், தாங்க மாட்டாள். டாக்டரும் சரி என்றுவிட்டார். முடி கொட்டியபோது மருந்துச் சூடு என்றார்கள். இப்போது கட்டி சுருங்கிவிட்டது. நீர்க்கட்டி கரைந்தால் யார்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? சம்பா நடவு இருக்கும்போது?

4

இரண்டாம் வரைவில் வீரையனை வில்லனாக்கினேன். "மனைவியின் உயிரைப் பொய்யால் மூடிய..."

[இதுவும் போயிற்று. படித்துக் காட்டியபோது ஃபிளோராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரைத் திட்டாதீங்க சார். மருந்து ஏத்துற அன்னிக்கெல்லாம் குழாயடியில நின்னு அழுவாரு. முகத்தக் கழுவிட்டு, 'நீர்க்கட்டிதானே, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கிக்கிறியே'ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாரு."]

வில்லன் இல்லாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல். அதனால் அந்த இடத்துக்கு மருத்துவமனையின் மேம்பாட்டுக் குழுவைப்* பிடித்தேன்.

* குழுவில் பதினொரு பேர். ஒரு செவிலியர்கூட இல்லை. கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஃபிளோராவை அழைத்தார்கள். முதல் மருந்துக்கு முன்னால் நோயாளியோடு தனியாக உட்கார அரை மணி நேரம், அவர்களே கேட்டால் உண்மையைச் சொல்ல அனுமதி. இரண்டே கேட்டார் அவர். பரிசீலிக்கலாம் என்றார்கள். பிறகு நாற்பது நிமிடம் ஒரு பேட்ஜைப் பற்றிப் பேசினார்கள். வட்டமா சதுரமா என்று இரு கட்சி. கடைசியில் வட்டம் வென்றது. 'புன்னகையே முதல் மருந்து' என்று எழுதி ஃபிளோராவின் நெஞ்சில் குத்தியிருக்கிறார்கள்.

5

முடிவுகள் கையில் இருக்கின்றன.

குழுவுக்குப் பிடித்தது: தேவதையின் புன்னகை நினைவுக்கு வர, தங்கமணி நாற்றை வரப்பில் போட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார். பேருந்தே கைதட்டும்.

விருதுக்கு உகந்தது: அவர் செத்துப்போகிறார். வயல் பச்சையாக இருக்கிறது. நாங்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஏழைப் பெண்ணைக் கொன்றால் இலக்கியமாகிவிடும் என்று நம்புகிற கூட்டம்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது...

6

...எழுத விடவில்லை ஃபிளோரா. "ஆஸ்பத்திரி நம்பர்னா, பக்கத்துல அவங்க கேட்டுருவாங்கன்னு வீரையன் எடுக்க மாட்டேங்கிறாரு. உங்க போனைக் குடுங்க." எண்ணைத் தட்டினார், மணி அடித்தது. அதற்குள் ஐந்தாம் நாற்காலியில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். "நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருங்க!"

எடுத்தது வீரையன் இல்லை.

"அவரு நாத்துக்கட்டு எறக்கிக்கிட்டு இருக்காரு. யாருங்க பேசுறது?"

இத்தனை பேரைக் கிழித்த நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நடவெல்லாம் எப்படிப் போவுதுங்க?"

"போவுது, போவுது. நீங்க ஆஸ்பத்திரிதானே? பின்னாடி சத்தம் கேக்குதே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அவரு அந்தாண்ட போயிட்டாரு. கட்டிதான் கரஞ்சிருச்சே, அப்புறம் ஏன் வா வாங்கிறீங்க? நீர்க்கட்டிக்குத் தல மொட்டையாவுமாங்க? எனக்கு என்னான்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

சொல்ல ஃபிளோராவுக்குத்தான் அனுமதியில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. "அம்மா, அது வந்து..." என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. என் முகத்திலேயே கேள்வியைப் படித்துவிட்ட ஃபிளோரா ஒரு கையால் ஆக்சிஜன் முகமூடியை அழுத்திக்கொண்டு, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சுகிறார்.

இந்தாருங்கள் போன். முடிவு உங்களுடையது என்று பெருந்தன்மையாகத் தரவில்லை, பயந்துபோய்த் தருகிறேன். தங்கமணி இன்னும் வைக்கவில்லை. "என்னங்க, இருக்கீங்களா?" என்கிறார்.