இடப்பக்கத்து விசிறி

"நான் சரியாத்தான் கோத்தேன், நீ ஓட்டுனதுலதான்..."

"யாருடி இல்லேன்னது? மெதுவாப் பேசு, வெளியில..."

"மெதுவாப் பேசி என்ன? சூப்பர்வைசர் மீசை வந்ததும் கத்தி என் கழுத்துக்குத்தான்."

தங்கை இடப்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே பேசினாள். அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோதனைக் கூடத்தின் நடுவே ஒற்றை ஜெட் எஞ்சின். தன் முன்னால் இருக்கும் விசிறியோடு, இரு பக்கமும் நீளும் தண்டுகளின் முனையில் இன்னும் இரண்டு விசிறிகளையும் அதுதான் சுழற்ற வேண்டும். காலையில் வலது விசிறி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது விசிறி கிறீச்சிட்டு இறுகிவிட்டது. தண்டு முறுக்கிக்கொண்டது.

எஞ்சினை ஓட்டியவள் அக்கா. பெட்டியைக் கோத்தவள் தங்கை. வேலை இன்னும் நிரந்தரமாகாதவள்.

"ஒரு எஞ்சின், மூணு விசிறி. அப்படியே நம்ம வீடுதான்னு அம்மா சிரிச்சாங்க, ஞாபகமிருக்கா? நீ ஒருத்தி ஓட, மத்தவங்க சுத்த."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அம்மா போனது போன வாரம். அடக்கம் முடிந்த மறுநாளே, "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்து என்ன ஆகப்போவுது, கிளம்பு" என்று தங்கையை இழுத்து வந்தது அவள்தான். தங்கை இந்தப் பெட்டியைக் கோத்ததும் அன்றைக்குத்தான்.

பெட்டியின் மூடி கழன்று வந்தது. கருகிய எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பற்கள் வாரியடிக்கும் எண்ணெயைப் பிடித்து பேரிங்குக்கு அனுப்பும் சின்னக் கிண்ணம் உள்ளே இருந்தது. அதன் வாய் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. கிண்ணத்தில் பொட்டு எண்ணெய் இல்லை.

தங்கை கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"வலது பெட்டி மாதிரியே இதையும் கோத்திருக்கேன். இது எதிர்ப்பக்கமா சுத்துறது, கிண்ணத்தைத் திருப்பி வைக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்னிக்கு என் கை என்ன செஞ்சுதுன்னே தெரியலக்கா."

"விடு. மீசைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்ன பேசுவே? மீசையே இல்லாத மனுஷனுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சுன்னா?"

அக்கா விளக்கை மறு கைக்கு மாற்றினாள். காலையில் இதே கை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. இடது பெட்டியின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. அடுத்த வீட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது. கை எழவில்லை. பயம்கூட வரவில்லை.

நடையில் மீசையின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை எழுந்து கையைத் துணியில் துடைத்தாள். துடைத்தபடியே கருகிய பேரிங்கைக் குனிந்து பார்த்தாள். துணி நின்றது.

"இது ஒரே நொடியில எரியிற சாமான் இல்லையே. முதல்ல சூடேறும். உன் பலகையில முள் ஏறும். அப்பவே நிறுத்தியிருந்தா பேரிங்கை மாத்திட்டு, நாலு திட்டு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"அக்கா, நீ அந்த முள்ளைப் பாத்தியா, பாக்கலியா?"