புழு தோல் உரிக்கும் நாள்

திராட்சைத் தோட்டக்காரருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். திங்கள்கிழமை மருந்தடித்தார், செவ்வாய் காலையிலேயே லென்ஸும் கையுமாகக் கொடிக்கடியில் குந்திவிட்டார். குலைக்குள் அந்துப்பூச்சியின் புழுக்கள் ஓசிச் சாப்பாடு கிடைத்ததுபோல வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூடச் சாகலம்மா! எனக்குத் தண்ணியை வித்துட்டியா?" என்று மருந்துக்கடைக்காரியிடம் போனில் கத்தினார்.

"அது மத்த மருந்து மாதிரி இல்லண்ணே. புழு வளர வளரப் பழைய தோலைக் கழட்டணும். உள்ள புதுத் தோல் சரியா உருவாக இது விடாது. கழட்டுற நாள் வரட்டும், கதை முடிஞ்சிடும்."

"அதுவரைக்கும் என் பழத்தைத் தின்னுமா?"

"கொஞ்சம் கடிக்கும். ஒரு வாரம் பொறுங்க."

ஒரு வாரமா! போனை வைத்தவர் கொட்டகைக்குள் புகுந்து, காட்டமான பழைய விஷப் புட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். மருந்தடிக்கும் உடுப்பு சலவையில் சுருங்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். ஜிப் தொப்பையில் வந்து நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கழற்றப் பார்த்தார். ஒரு தோள் வெளியே வந்தது, மறு கை முதுகுப்பக்கம் மடங்கிச் சிக்கிக்கொண்டது. தலைமூடி கண்ணை மறைக்க, கூடை தடுக்கித் தொப்பென்று விழுந்து உருண்டார்.

"அடியே! சீக்கிரம் வாடி!"

மனைவி ஓடி வந்தாள். கூடவே, சமாதானம் சொல்ல ஸ்கூட்டரில் வந்திறங்கிய கடைக்காரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டது.

"புழுவுக்கு என்ன ஆகும்னு சொன்னேனேண்ணே," கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "இதேதான் ஆகும்."

"விளக்கத்தை அப்புறம் சொல்லும்மா, முதல்ல கழட்டு!"

மனைவி கொடி வெட்டும் கத்தரியால் உடுப்பைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை கிழித்தாள். மாற்று உடுப்பு கிடையாது. விஷப் புட்டியைக் கடைக்காரி கையோடு எடுத்துப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் காத்திருந்தார்.

ஞாயிறன்று குலையை விரித்துப் பார்த்தார். தோல் பாதி கழன்றும் பாதி கழலாமலும் புழுக்கள் அசையாமல் கிடந்தன. வரிசை வரிசையாகத் தேடியும் உயிரோடு ஒன்றுமில்லை. துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன் லென்ஸை இறக்கிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என்னங்க, சந்தோஷமில்லையா?"

"சந்தோஷம்தான்டி. ஆனா பாவம், கத்தரியோட ஓடிவர அதுங்களுக்கு ஒரு பொண்டாட்டி இல்லையே."

அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் வந்து, என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டார். நம்மவர் அவரை உட்காரவைத்துப் புழுத் தோலின் மகிமையை ஒரு மணி நேரம் விளக்கினார். கேட்டவர் கால்மணி நேரத்திலேயே தூங்கிவிட்டார்.