பின்கொம்பு

"எழுபத்தெட்டு கிலோ" என்றார் மேற்பார்வையாளர், எடை மேடையின் முள்ளைக் குனிந்து பார்த்து.

"எழுபத்திரண்டுதான். உங்க மெஷின் பொய் சொல்லுது" என்றாள் அந்த அம்மாள். "பொய்யை முகத்தைப் பார்த்தே பிடிச்சிடுவேன். முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவ நான்."

"மெஷினுக்கு ஏதும்மா முகம்?" என்று முனகினான் மச்சான்.

மாமா சிரிக்கவில்லை. எழுபத்தெட்டில் ஐம்பதாவது தன் தோளில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் தீவில் டோலி தூக்குகிற மற்ற இருபத்தொரு பேருக்கும் அவர் மாமாதான். முறைப்படி பார்த்தால் முன்கொம்பு பிடிக்கிற மச்சானுக்கு மட்டும்தான் மாமா. அவன் அக்காவைத்தான் கட்டியிருந்தார். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மேலே உள்ள மூன்று அருவிகளையும் காட்டிவிட்டு இறக்கிக் கொண்டுவருவது வேலை. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர், முன்கொம்பைத் தோளில் தாங்க ஒருவன், பின்கொம்புக்கு ஒருவன். மலையேறும்போது கொட்டகைச் சுவரில் இருக்கும் ஆணிப்பலகையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இறங்கியதும் திரும்ப ஆணியில் தொங்கவிட வேண்டும். வில்லை இல்லாதவன் கொம்பைத் தொடக் கூடாது.

ஏறும்போது பாரமெல்லாம் பின்கொம்பில்தான். அதற்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. மாமா மட்டும் ஒரு வருஷமாக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பாவம், மச்சானுக்கு இடுப்பு வலி" என்பார். அக்கா புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

மெச்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போச்சு, இனி ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். உலகம் அவருக்குக் கஞ்சித் தண்ணீருக்குள் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. முன்கொம்புக்குக் கண் வேண்டும். பின்கொம்புக்குக் காது போதும். முன்னால் போகிறவன் "கல்லு", "வேரு", "ஈரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவான். படி வந்தால் எத்தனை படியோ அத்தனை தடவை கொம்பில் விரல்முட்டியால் தட்டுவான். பின்னால் இருப்பவன் அதைக் கையில் வாங்கிக் காலை வைப்பான். பதினேழு வருஷத்தில் மச்சானின் தட்டு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

"வேரு மாமா, இடது பக்கம்."

"சரி."

"பையனைப் பத்திச் சொன்னேனே, யோசிச்சீங்களா? படிப்பை முடிச்சுட்டு வீட்ல மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கெடக்கான். புது வில்லை தரமாட்டேங்கிறாங்க. யாராவது திருப்பிக் குடுத்தாத்தான் உண்டு."

"நான் குடுத்துட்டு என்ன பண்றது மச்சான்? பொண்ணு நர்சிங் முடிக்க இன்னும் எட்டு மாசம் இருக்கு. அது வேலையில உட்கார்ந்த அன்னிக்கே என் வில்லையை உன் பையன் கழுத்துல நானே மாட்டுறேன்."

"எட்டு மாசம்... ஈரம் மாமா, பாத்து."

"அங்க என்ன குடும்பக் கதை?" என்றாள் நாற்காலியில் இருந்த அம்மாள். "பேசிட்டே கீழ போட்டுடாதீங்க. இதுதான் அருவியா? எங்க வீட்டுக் குழாய்லயே இதைவிட நல்லா வருமே!"

"இது முதல் அருவிம்மா. குழந்தைங்க குளிக்கிறது."

விடுமுறைக் காலம். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஜோடியையும் தாண்டும்போது, "மாமா, கனமா?" என்று கேட்டார்கள். குரலை வைத்தே மாமா ஆளை எண்ணினார். பத்து ஜோடியும் மலையில்தான் இருந்தது. அத்தனை பேரையும் முந்திக்கொண்டு இறங்கிவிடலாம் என்று மச்சான் வேகம் பிடித்தான். இரண்டாவது அருவியில் நிற்கக்கூட இல்லை.

மூன்றாவது அருவி மாமாவுக்குக் காதில் தொடங்கும், பிறகு மூக்கில் பாசி வாடை, பிறகு முகத்தில் சாரல். வெள்ளையாக ஏதோ ஒன்று ஆகாசத்திலிருந்து தொங்குவது மட்டும் தெரியும். அது போதும் அவருக்கு.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மாள். "படத்துல பெருசா இருந்துச்சு. சரி, இறக்குங்க."

இறங்கும்போது, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழாமலிருக்க, நாற்காலியைத் திருப்பிப் போடுவார்கள். அப்போது ஆளின் முகம் பின்கொம்புக்காரனைப் பார்த்திருக்கும். சாதாரணமாக யாரும் டோலிக்காரன் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. மரத்தைப் பார்ப்பார்கள், செல்போனைப் பார்ப்பார்கள். இவள் பார்த்தாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

ஒரு கிளை மாமாவின் கண்ணை உரசிக்கொண்டு போனது. அவர் இமைக்கவில்லை. அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெதுவாக நாக்கை நீட்டிக் காட்டினாள். மாமா தன்பாட்டுக்கு நடந்தார். வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது.

"இது எத்தனை?"

"என்னதும்மா?"

"என் விரல்தான். எத்தனை?"

முன்னால் மச்சானின் காலடி ஒரு கணம் தயங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவன், உதவ வழியில்லை.

"ரெண்டும்மா" என்றார் மாமா.

"நான் கையையே தூக்கலையே" என்றாள் அம்மாள். அவள் குரலில் வந்த சந்தோஷம் மூன்றாவது அருவியைப் பார்த்தபோதுகூட வரவில்லை. "வளையலைத்தான் ஆட்டினேன்."

இரண்டாவது அருவியில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். மாமா அவள் எதிரே போய்க் கைகூப்பினார். கொஞ்சம் தள்ளி ஒரு பாறையைப் பார்த்துக் கூப்பிவிட்டார். அவள் சிரித்தாள்.

"இந்தப் பக்கம்."

"யாரையும் கீழ போட்டதில்லம்மா. எம் பொண்ணு படிக்குது. எட்டு மாசம் மட்டும்."

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுறேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்றாள் அவள். "புள்ளத்தாச்சி, நோயாளி, பரீட்சைக்குப் போறவன், எல்லாரையும் பார்த்தாச்சு. ஒருத்தரையும் விட்டதில்ல."

அவள் முகம் கழுவ நகர்ந்தபோது மச்சான் மாமாவின் தோளைப் பிடித்தான்.

"எனக்கு ஆறு மாசமாவே தெரியும் மாமா."

மாமா அவன் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுமா தூக்கின?"

"அக்கா புருஷனை விட்டுக்குடுப்பேனா? பயப்படாதீங்க. கீழ போனா எடை போடுற சார் எதையாவது எண்ணச் சொல்வார். போன வருஷம் ஒருத்தரை அப்படித்தான் சோதிச்சார். கொம்புல கை வெச்சுக்கிட்டு நில்லுங்க. நான் தட்டுறேன். படிக்குத் தட்டுற மாதிரியே."

மாமா அவன் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். மிச்ச வழியெல்லாம் மச்சான் சின்னக் கூழாங்கல்லுக்குக்கூடக் குரல் கொடுத்தான்.

கொட்டகையில் தகரக் கூரை சூட்டில் முறுகிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவருக்கும் மாமாதான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. புகார்னு வந்துட்டா நான் கேட்டே ஆகணும். அந்த ஆணிப்பலகையில இப்போ எத்தனை வில்லை தொங்குது?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார். பழுப்பாக ஒரு சதுரம். அவ்வளவுதான். ஏறும்போது தாண்டிவந்த குரல்களை நினைத்துப் பார்த்தார். எல்லாரும் இன்னும் மேலேதானே இருக்கிறார்கள்? நாம்தானே முதலில் வந்தோம்? அப்படியானால் பலகையில்...

உள்ளங்கையில் கொம்பு அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. நிதானமான, தெளிவான தட்டு. குறுக்கு வழியில் யாராவது முந்தி வந்திருப்பார்கள்.

"ஆறு சார்" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல மாமா" என்றார் மேற்பார்வையாளர். "வெறும் ஆணிதான்."

"பார்த்தீங்களா?" என்றாள் அம்மாள். "முகத்தைப் பார்த்ததுமே சொன்னேன்."

மாமா மச்சான் பக்கம் குனிந்தார். "ஆறுதானேடா தட்டின?"

"என்ன மாமா, என்ன தட்டினேன்?" மச்சான் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினான். "எனக்கே இப்பத்தான் சார் தெரியுது. இத்தனை நாள் என்னையும்ல ஏமாத்தியிருக்காரு! என் உசிரு போயிருந்தா?"

மேற்பார்வையாளர் கையை நீட்டினார். நீட்டியது மாமாவுக்குத் தெரியவில்லை என்று புரிந்ததும், அவரே எழுந்துவந்து கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றினார். பலகையில் 'டிங்' என்று ஒரு சத்தம். இப்போது ஒன்று தொங்கியது.

"உனக்கு ஜோடி வேணுமேப்பா. சீசன் நேரம்."

"பையன் வெளியிலதான் சார் நிக்கிறான். காலையிலேயே வந்துட்டான்."

காலையிலேயே. மாமா அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதைக்கூட அப்போது நினைக்கவில்லை. வாசலை நோக்கி நடந்தார். மச்சான் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டான். குரல் பழையபடி இதமாக இருந்தது.

"படி மாமா. மூணு."

பதினேழு வருஷமாக ஏறி இறங்கின படி. மூன்றுதான். தூக்கத்தில் கேட்டால்கூட மூன்று என்பார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"மூணுதான் மாமா. இறங்குங்க."

மாமா முழங்கையை உருவிக்கொண்டார். வாசல் நிலையைப் பிடித்தபடி உள்ளே திரும்பினார். இந்த இடத்தில் பொய் சொல்லாதவள் ஒருத்திதான் இருந்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. எத்தனை படி?"

வளையல் சத்தம் மட்டும் கேட்டது. விரல் நீட்டினாளா, சும்மா ஆட்டினாளா, மாமாவுக்குத் தெரியவில்லை.