தில்லையம்மாளின் இடது கை

...இதை என்ன பெயர் சொல்லிக் கேட்பது, மகள் அகிலா நேற்றுப் போனில் ஒரு பெயர் சொன்னாள், ஹெல்த் என்று ஏதோ ஆரம்பித்தது, ஹெல்த் என்றால் மருந்துக்கடையில் அல்லவா கேட்க வேண்டும், ஆனால் இது குழாய்க்கடை, எதிரே பலகையில் பத்துப் பன்னிரண்டு தொங்குகின்றன, எல்லாம் கழுத்து வளைந்து ஒரே ஜாடை, கலியாணசுந்தரம் விரலை நீட்டி "அதுப்பா" என்றார். கடைக்காரன் தினேஷ் திரும்பிப் பார்த்து, "ஹெல்த் ஃபாசெட்டா சார்? டாய்லெட்டுக்குதான?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான், பிளாஸ்டிக் வாளியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஐம்பத்தெட்டு வயசு, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷமாக நெய்து வரும் சேலைகளைப் பிரித்துப் பிழை பார்க்கிற மனிதன், ஊரில் பாதித் தறிக்காரர்கள் பயப்படுகிற ஆள், ஒரு குழாயைக் கேட்க முடியவில்லை. "அமுக்கிப் பாக்கலாமா?" என்றார். இடது கையில் பிடித்து, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, மீதி இரண்டு விரலால் விசையை அமுக்கினார், கடினம், அடுத்தது, அதுவும் கடினம், மூன்றாவது ஸ்டீல், கனமே தில்லையம்மாளால் தாங்க முடியாது. "சார் லெஃப்ட் ஹேண்டா?" "இல்லப்பா, வீட்ல ரெண்டு கையும் உடைஞ்சிருக்குது, எடது கையில ரெண்டு வெரல்லதான் பலம் இருக்குது." தினேஷின் குரல் இறங்கியது. பலகையை விட்டுவிட்டு உள்ளே போய் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்து வந்தான். "இது சாஃப்ட்டா இருக்குது சார், கொழந்தை கூட அமுக்கலாம்."

கொழந்தை கூட. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், எல்லாரும் சொல்கிற வார்த்தை, ஆனால் அந்த வார்த்தை எங்கே வந்தாலும் நேற்றுக் காலை அவள் ஆரம்பித்த பேச்சுதான்... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். சுவர்க் குழாயில் மாட்ட இரட்டை வழி ஆங்கிள் காக் ஒன்று, ஒரு மீட்டர் ஹோஸ், வெள்ளை டேப் ஒரு சுருள், எல்லாம் ஒரே பையில். வண்டியைக் கிளப்பினார். ரயில்வே ரோட்டில் திருப்பதி வேன் ஒன்று குறுக்கே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அதில் வந்தவர்கள் பட்டுக்கடைப் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், முப்பத்துமூன்று நாளைக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காலை, ஓரிக்கை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தில்லையம்மாள் படி தவறி இரண்டு கையையும் தரையில் ஊன்றி விழுந்தாள். வலது கைக்கு முழங்கைக்கு மேலே வரை மாவுக்கட்டு, இடது கைக்கு மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை, விரல்கள் மட்டும் வெளியே. கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அப்போது இருவரும் தலையாட்டினார்கள், நனையக் கூடாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்து, மறுநாள் விடிந்த பிறகுதான் புரிந்தது. அகிலா ஓசூரில், வேலையில் சேர்ந்தே இரண்டு மாதம், லீவு கிடையாது. வேறு யாரைக் கூப்பிடுவது? "நீங்க வேணாம், வேணாங்க" என்று அவள் அழுதாள், வெஸ்டர்னில் உட்கார்ந்தபடி இரண்டு மாவுக்கட்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள், அவர் மக்கில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, தானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு... முப்பது வருஷக் கல்யாணத்தில் அவள் முதுகை வெளிச்சத்தில் அவர் பார்த்ததே இல்லை.

அது பழகியது எப்படி என்று தெரியவில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் மூலையில் இருந்த பல்லியைப் பற்றி. பிறகு எதிர்வீட்டு மருமகளைப் பற்றி. பிறகு ஒருநாள் திடீரென்று, பள்ளிக்கூடத்தில் தமிழில் அவள்தான் முதல் மார்க் என்றாள், கத்தரிக்காய் அவளுக்கு ஆகவே ஆகாதாம், அவருக்குப் பிடிக்கிறதென்று இத்தனை வருஷமாகச் செய்து சாப்பிட்டாளாம், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையாம், கேட்கப் பயமாம். ஏன் பயம், நான் என்ன அடித்தேனா, திட்டினேனா? கேட்கவில்லை அவர், கேட்டால் நின்றுவிடுமோ என்று பேசாமல் தண்ணீர் ஊற்றினார். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை வராது, டீவியைப் பார்ப்பாள். அந்தச் சின்ன அறையில், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும் வரும். வெட்கமில்லாமல் சொல்வதென்றால் காலையில் எழுந்ததும் அவர் அதற்காகக் காத்திருந்தார். அவளும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார், நேற்று ராத்திரி அகிலா போனில் சொல்லும் வரைக்கும். "அப்பா, அம்மா சாப்பாட்டக் கொறச்சிக்கினு இருக்காங்களாம், தெரியுமா? ரெண்டு இட்லிக்கு மேல தொடறதில்லையாம். அடிக்கடி போவ வேண்டி வரும்னு. உங்கள தொல்லப்படுத்தக் கூடாதாம்." அவர்தானே ஊட்டினார், போதும் போதும் என்று அவள் தலையைத் திருப்பியதைப் பசியில்லை என்றல்லவா எடுத்துக்கொண்டார், அப்படியென்றால் அவள் பேசியதெல்லாம் என்ன, சந்தோஷமா, வெட்கத்தை மறைக்கத் தொணதொணத்ததா?

இல்லை, இந்தக் குழாய்க்குக் காரணம் அது மட்டுமில்லை. நேற்றுக் காலை அவள் கேட்க வந்ததுதான் காரணம். "ஏங்க, வாலாஜாபாத்ல... அன்னிக்கு..." என்றாள். அவ்வளவுதான். அவர் கையிலிருந்து மக் விழுந்தது, விழுந்ததா, விட்டாரா, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளி நிரம்புகிற சத்தத்தில் "என்ன, என்ன சொன்ன?" என்றார். "ஒண்ணும் இல்ல." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, இன்று காலை காபியை ஊட்டும்போது சொன்னாள், "லீவ் போட்டுட்டு அகிலா சொன்னத வாங்கியாந்து மாட்டிடுங்க, வெரலு நல்லா ஆடுது, இனிமே நானே பாத்துக்கிறேன்." வாலாஜாபாத்தில் அன்றைக்கு. இருபத்தொன்பது வருஷம். தலைப்பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், மத்தியானம் சங்கத்துக்குப் போன் வந்தது, வலி எடுத்துவிட்டது, ஏதோ சரியில்லை, உடனே வரச் சொல்லுங்கள் என்று. அரைமணி நேர வழி. பேருந்து நிலையத்தில் நின்றார், ஒரு பஸ் வந்தது, போனது. ஏன் ஏறவில்லை? ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று. இரண்டாவது வந்தது, கண்டக்டர் வாலாஜாபாத் வாலாஜாபாத் என்று கூவினான், கால் எழவில்லை. மூன்றாவதும் போனது. போகாமல் இருக்கிற வரைக்கும் எதுவும் நடந்திருக்காது என்று ஒரு நினைப்பு, இருபத்தொன்பது வயசு ஆம்பிளைக்கு அப்படி ஒரு நினைப்பு. போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி, எல்லாம் முடிந்திருந்தது. வழியில் பஸ் நின்றுபோனதாகச் சொன்னார், யாரும் சந்தேகப்படவில்லை, மாமியார் கூட. அவளுக்குத் தெரிந்திருக்குமா? அன்றைக்கு நிலையத்தில் யாராவது பார்த்து அவளிடம் சொல்லியிருப்பார்களா? அதைத்தான் கேட்க வந்தாளா... இந்தக் குழாயைச் சீக்கிரம் மாட்டிவிட்டால் அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் போய்விடும், கேள்வியும் வராது. சீ, அதற்காகவா வண்டியை இவ்வளவு வேகமாக ஓட்டுகிறோம்?

மொட்டைமாடிக்குப் போய் கேட் வால்வை மூடிவிட்டு வந்தார். பிளம்பருக்குச் சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்பான், தானே செய்துவிடலாம். பழைய ஆங்கிள் காக் உப்புப் பிடித்து அசையவில்லை, ஸ்பேனரில் எம்பினார், மண்டையில் வியர்த்தது, திடீரென்று கழன்று மிச்சத் தண்ணீர் சட்டையில் பீய்ச்சியது. புதுசின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினார், பத்துச் சுற்று, அது வழுக்கிப் பிரிந்தது, எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறோம், மறுபடியும். தில்லையம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள், இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு. "சட்டையெல்லாம் நனைச்சிக்கினீங்களே." "ஆவட்டும்." அவர் தலை ஃப்ளஷ் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கவிழ்ந்திருந்தது, அவள் பாதம் மட்டும் தெரிந்தது, மெட்டி தேய்ந்து மெலிந்திருந்தது. அந்தப் பாதம் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு குரல், மேலேயிருந்து, மெதுவாக:

"ஏங்க, அது பொண்ணா, பையனா?"

"எது?" என்றார், தெரிந்துகொண்டே.

"வாலாஜாபாத்ல. எனக்கு ரெண்டு நாள் நெனப்பே இல்லியே. கண்ணு முழிச்சி கேட்டா, அதப் பத்திப் பேசாத, அடுத்தது தங்காதுன்னு அம்மா வாய மூடிடுச்சி. அப்புறம் அகிலா பொறந்தா. கேக்கவே முடியல. அண்ணனும் இப்ப இல்ல. நீங்கதான கையில வாங்கினீங்க, அதான்."

ஸ்பேனர் நட்டின் மேலே இருந்தது, திருக மறந்துவிட்டார். பஸ் இல்லையா? இவள் கேட்டது பஸ்ஸைப் பற்றி இல்லையா? கையில் வாங்கியது உண்மை. அந்தச் சின்னப் பிரசவ விடுதியின் பின்வாசலில் ஒரு பெண்மணி துண்டில் சுற்றிக் கொடுத்தாள், தலையிலிருந்து கால் வரை மூடி, வெள்ளைத் துண்டு, ஓரத்தில் நீலக் கரை, "ஒருவாட்டி பாத்துக்கோங்க" என்றாள், அவர் தலையை ஆட்டி நடக்கத் தொடங்கிவிட்டார். மச்சான் ஜெயக்குமார் பாலாற்று மணலில் பள்ளம் தோண்டினான், அவர் ஏந்திக்கொண்டு நின்றார், காற்றில் துண்டின் முனை ஒன்று விலகியது, அவசரமாக இழுத்து மூடினார். ஒரு நாளைக்கு நாற்பது சேலையைப் பிரித்து இழை இழையாகப் பார்க்கிறவர், அந்தத் துணியைப் பிரிக்கவில்லை. மச்சானும் கேட்கவில்லை, அவர் பார்த்திருப்பார் என்று நினைத்திருப்பான். பார்க்கவில்லை என்று இப்போது எப்படிச் சொல்வது? சொல், சொல்லிவிடு, தலை கவிழ்ந்துதானே இருக்கிறது, உன் முகம் அவளுக்குத் தெரியாது.

"பொண்ணு" என்றார்.

ஏன் அப்படி வந்தது? அகிலா முகம் நினைவில் வந்ததா, வாய் தானாகச் சொன்னதா? எங்கோ பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"பொண்ணா" என்றாள். "சாவறதுக்கு முன்னாடி அம்மா பையன்னு சொல்லிச்சி. அப்ப அதுக்குப் பாதி நெனப்பு இல்ல, என்னென்னமோ சொல்லிக்கினு இருந்துச்சி. மூணு வருஷமா அத நம்பறதா வேணாமான்னு தெரியல. உங்கள ஒரு வார்த்த கேட்டா தெரிஞ்சிபூடும்னுதான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மாமியார் பிரசவ அறைக்குள்ளேயே இருந்தவள். அவள் பார்த்திருப்பாள், கட்டாயம் பார்த்திருப்பாள். இல்லை தில்லை, அம்மா சொன்னதுதான் சரி, என்று சொல்ல அவர் தலையைத் தூக்கினார், தொட்டியின் விளிம்பு நெற்றியில் இடித்தது, "பாத்துங்க, பாத்து" என்று அவள் பதறிக் கையை நீட்டி, மாவுக்கட்டு கதவில் மோதி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ் என்றார்கள், அவள் முகத்தில் இத்தனை நாள் இருந்த ஒரு இறுக்கம் இல்லை, கிட்டத்தட்டச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி...

வால்வைத் திறந்ததும் இணைப்பில் சொட்டியது. ஹோஸுக்குள் வாஷர் போடவில்லை, பைக்குள்ளேயே கிடந்தது. கழற்றிப் போட்டு மாட்டினார். அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், இடது பக்கம், கொக்கியை வைத்தார். அவள் உட்கார்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். வெளியே நீட்டிய இரண்டு விரலால் பிடியை எடுத்தாள், ஒருமுறை நழுவியது, மறுமுறை பிடித்துக்கொண்டாள், அமுக்கினாள், தண்ணீர் நேராகப் போய் எதிர்ச் சுவரில் அடித்தது. "வருதுங்க!" "கட்டு நனையாம பாத்துக்க." "நான் பாத்துக்கிறேன். கதவச் சாத்திட்டு நீங்க போங்க."

கதவைச் சாத்தினார். போகவில்லை. முப்பத்துமூன்று நாளில் முதல் தடவையாக அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார், உள்ளே தண்ணீர் சீறுகிறது, நிற்கிறது, சீறுகிறது, அவள் தனக்குள்ளே என்னவோ முணுமுணுக்கிறாள், அது அந்தப் பெண்ணுக்கு அவள் இப்போது வைத்துப் பார்க்கிற பெயராக இருக்குமோ, ஐயோ. மூன்று பஸ்ஸுக்கும் அவர் பதில் தயாராக வைத்திருந்தார், இருபத்தொன்பது வருஷமாக, பயந்துவிட்டேன் தில்லை, சின்ன வயசு, மன்னித்துவிடு, இந்த வரிசையில். அதை யாரும் கேட்கப்போவதில்லை. அவள் கேட்டதற்கு அவரிடம் இருந்தது ஒரு துண்டும் அதன் நீலக் கரையும்தான். சொல்லிவிடலாம், இப்போது கதவு நடுவில் இருக்கிறது, முகம் தெரியாது, அவள் இத்தனை நாள் பேசியதும் அப்படித்தானே. "தில்லை" என்று கூப்பிட்டார். தண்ணீர் நின்றது. "என்னங்க?" பார்க்கவில்லை என்று தொடங்க வாயெடுத்தார், அதற்குள் இரண்டு கையும் தாமாகவே கொஞ்சம் முன்னால் வந்தன, முழங்கை மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்து, பள்ளம் ஆழமாகிற வரைக்கும் அவ்வளவு நேரம் ஏந்திக்கொண்டு நின்ற அந்தக் கனம், அது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, ஆண் குழந்தையின் கனமா, பெண் குழந்தையின் கனமா என்று கைக்குத் தெரியவில்லை. "என்னங்க, கூப்ட்டீங்களா?" என்றாள் அவள் மறுபடியும், உள்ளேயிருந்து.